சமூகப்பணியில் பட்டம்: எங்கே படிப்பது, எதைக் கேட்டுச் சேர்வது?

ஏ-9 வீதி என்றதும் எம்மவர்களுக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். அந்த வீதி தொடங்குவது கண்டியில். அக்குறணையைக் கடந்து, நான் வசிக்கும் அலவத்துகொட வழியாக மாத்தளைக்குப் போய், அதன் பிறகே அது வன்னியைத் தொடுகிறது. 1977 வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. போன இடத்தில் அவர்களை யுத்தமும் பிடித்துக்கொண்டது. அதனால் என்னிடம் படிப்பு விசாரிக்கும் பிள்ளைகளில் சிலர் இங்குள்ள லயன்களிலிருந்து வருகிறார்கள். மற்றவர்கள் வன்னியிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் உறவுக்காரர்கள். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, சோசல் வேர்க் படிக்க எங்க போறது?"

கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்தவர்கள். அரச சார்பற்ற நிறுவனமொன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, மூன்று நாள் செயலமர்வோடு களத்துக்கு இறக்கப்பட்டவர்கள். திட்டம் முடிய வேலையும் முடிந்துவிடும். கையில் எஞ்சுவது ஒரு சான்றிதழும் மனதில் நிறையப் பேருடைய கதைகளும்.

பட்டம் எதற்கு, மனம் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 77இல் இடம்பெயர்ந்து வந்த மலையக மக்களை வன்னியில் குடியேற்றிய காந்தீயத்தை நடத்தியவர்கள் கட்டடக்கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும். சமூகப்பணியில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர்களின் அர்ப்பணிப்புக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது. ஆனால் இன்றைய வேலை வேறு வகையானது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம் என எல்லா இடத்திலும் அவர் தன் கதையை முதலிலிருந்து சொல்லியிருப்பார். இடையில் படிவத்தோடு வந்த நிறுவனங்கள் தனி. பயிற்சி இல்லாத உத்தியோகத்தர் மீண்டும் முதலிலிருந்து கேட்பார். பயிற்சி பெற்றவர் முந்தைய பதிவுகளை வாசித்துவிட்டுப் போவார். எதைக் கேட்கக்கூடாது, பேச்சை எங்கே நிறுத்த வேண்டும், யாரிடம் பாரப்படுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து தன் பாரத்தை இறக்கிவைக்க ஒரு மேற்பார்வையாளரும் இருப்பார். படிப்பின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

இலங்கையில் இதற்கென்றே உள்ள அரச நிறுவனம், சீதுவையில் அமைந்துள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952இல் கொழும்பில் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரிதான் அதன் வேர். 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்றது. நீண்ட காலம் டிப்ளோமா மட்டுமே இருந்தது. சுனாமி அடித்து ஓய்ந்த 2005இல்தான் நான்காண்டு சமூகப்பணி இளமாணிப் பட்டம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து முதுமாணியும் வந்தது. இது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளி வழியாக ஆள் சேர்க்கும் இடமல்ல. நிறுவகமே விண்ணப்பம் கோரும். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதி சில புள்ளிகளால் தவறிப்போன பிள்ளைகளுக்கு இதை நான் முதலில் சொல்வது அதனால்தான். ஏற்கெனவே வேறு பட்டம் உள்ளவர்கள் முதுமாணியை நோக்கலாம்.

விண்ணப்பிக்குமுன் தொலைபேசி எடுத்து மூன்று விடயம் கேளுங்கள். இந்தத் தொகுதிக்கு மொழிமூலம் எது? களப்பயிற்சியை என் மாவட்டத்தில் செய்யலாமா? மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியுமா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அழுகிற பெண் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்கினால், அந்தப் பெண் சொன்னதில் பாதி வழியிலேயே விழுந்துவிடும்.

பேராதனை அலவத்துகொடையிலிருந்து பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரம்தான். அங்கே சமூகவியல் இருக்கிறதே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. சமூகவியல் அருமையான படிப்பு. தோட்டத்தில் மதுப் பழக்கம் ஏன் வேரூன்றியது என்பதை அது விளக்கும். குடிப்பவரின் மனைவி முன்னால் உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்பதைப் பயிற்றுவிப்பது சமூகப்பணி. உளவளத்துணையும் வேறு துறை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் போன்ற பதவிகளுக்கு எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்பது அந்தந்த ஆட்சேர்ப்பு அறிவித்தலில் இருக்கும். அதைப் பாருங்கள். அண்ணன் சொன்னார், தரகர் சொன்னார் என்று போகாதீர்கள்.

தமிழிலேயே சூழ்ந்த களம் வேண்டுமானால் தமிழ்நாடு. அங்கே எந்தப் பட்டம் பெற்றவரும் இரண்டாண்டு சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். சென்னை சமூகப்பணிக் கல்லூரியை மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவியதும், நம்முடையது தொடங்கிய அதே 1952இல்தான். சென்னை லொயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. வகுப்போடு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது அங்கே நெடுங்கால வழக்கம். சிறப்புப் பிரிவைத் தெரிவுசெய்யும்போது கவனம். மனிதவள முகாமைத்துவம் என்ற பிரிவும் இதே பட்டத்துக்குள் இருக்கிறது. அது கம்பனி வேலைக்கான கதவு. தவறில்லை, ஆனால் போரில் நொந்த சனத்தோடு வேலைசெய்ய வந்தவர் மருத்துவ, உளநலப் பிரிவையோ சமுதாய அபிவிருத்தியையோ எடுப்பதே பொருத்தம். உளநலத்தில் ஆழமாகப் போக விரும்புவோருக்குப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் இருக்கிறது. ஆனால் அது முதுகலைக்குப் பிந்திய கட்டம். அகதி முகாம்களில் வளர்ந்து அங்கேயே பட்டம் பெற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1984இல் சந்திரஹாசன் தொடக்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் கல்வியில் காட்டிய அக்கறைக்கு அதில் பங்குண்டு. அப்படிப் படித்துத் திரும்புவோர், தங்கள் பல்கலைக்கழகம் இலங்கையின் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கல்லூரியின் பெயரல்ல, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரே அங்கு கணக்கு.

புலம்பெயர் நாடுகளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் சோசல் வேர்க் இங்கிலாந்து என்ற அமைப்பில் பதிவில்லாமல் சமூகப்பணியாளர் என்ற பெயரையே பயன்படுத்த முடியாது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் பதிவுச் சபை. அவுஸ்திரேலியாவில் தொழில்சார் சங்கம் அங்கீகரிக்கும் பட்டத்தில் 1000 மணிநேரக் களப்பயிற்சி இருந்தாக வேண்டும். களமே இல்லாமல் வீட்டிலிருந்தே முதுமாணி தருகிறோம் என்று முகநூலில் வரும் விளம்பரங்களை இந்த இடத்தில் நிறுத்துப் பாருங்கள். காசு போனபின் அந்தப் பட்டத்தை எந்தச் சபையும் எடுக்காது.

பணம்தான் பெரும்பாலானோருக்கு முட்டுக்கட்டை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் உண்டு. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் விசாரிக்கலாம். இந்தியாவில் படிக்க நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலும், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் இருக்கின்றன. விண்ணப்ப முடிவுத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பத்திரிகை அறிவித்தலைத் தவறவிடாதீர்கள்.

இப்போது ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. வேலை முடியுமுன் சேவைக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் "களப் பணியாளர்" என்ற ஒற்றைச் சொல் போதாது. எத்தனை குடும்பங்களோடு, எந்தப் பிரிவில், எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில் என்று எழுதச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அதைப்பற்றித்தான் கேட்பார்கள். மக்களின் பெயர்களையும் கதைகளையும் எழுதிய குறிப்புப் புத்தகத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.