ஆவணியில் கேட்கும் பனி: சியெரா நெவாடாவில் பருவ முன்கணிப்பு வளர்ந்த வரலாறு

ஆகஸ்ட் கடைசியில் கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலையைப் பார்ப்பவருக்கு அங்கே பனி விழும் என்பதே நம்பக்கூடியதாக இராது. டாஹோ ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் பாறை வெயிலில் காய்ந்து கிடக்கும். புல் பழுத்து வெளிறியிருக்கும். கோடை முழுவதும் அங்கே பெய்த மழை என்று சொன்னால், மெக்சிகோ பக்கமிருந்து ஏறிவரும் ஈரக்காற்று சில பிற்பகல்களில் இடியோடு கொட்டிவிட்டுப் போனதுதான். ஆனாலும் அங்குள்ள பனிச்சறுக்கு மையங்களைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்வி அந்த மாதத்தில்தான் எழுகிறது: வரும் குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழும்? அதற்குச் சொல்லப்படும் விடை மலையைப் பற்றியதாக இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டில், பசிபிக் கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதுதான் விடையாக வருகிறது. இந்த விடை மலையில் பிறந்ததன்று. இந்தியாவின் பஞ்சக் கணக்கிலிருந்து வந்தது. ஒரு துணைக்கண்டத்தின் சராசரி மழையை அறிவதற்காகத் தொடங்கிய கணக்கை ஒற்றைச் சரிவின் ஒற்றைக் குளிர்காலத்துக்குப் பொருத்தினால், கணக்கு சரியாகவே இருந்தும் விடை தவறக்கூடும் என்பதை இந்த வரலாற்றிலிருந்தே காட்ட முடியும்.

சியெராவுக்கென்று சொந்தமான ஒரு மரபும் உண்டு. டானர் கணவாய் வழியாக ஓடிய ரயிலின் பாதையைக் குளிர்காலத்தில் திறந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயத்தால், 1870களின் இறுதியிலிருந்தே ரயில் கம்பெனி அங்கே விழும் பனிக்குக் கணக்கு வைத்தது. நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்துவந்த ஜேம்ஸ் சர்ச் அதற்கு அறிவியல் உருக் கொடுத்தார். 1905-06இல் ரோஸ் மலை உச்சியில் அவர் ஒரு வானிலை நிலையம் அமைத்தார். பனியின் ஆழம் மட்டும் போதாது, அது உருகினால் எவ்வளவு நீர் தரும் என்பதே வேண்டியது என்று கண்டு, பல்விளிம்புள்ள ஒரு உலோகக் குழாயை உருவாக்கினார். குழாயைப் பனியில் தரைவரை செருகி, உள்ளே அகப்பட்ட பனியோடு தூக்கி நிறுத்தால் நீரளவு தெரிந்துவிடும். இந்த ஆண்டுப் பனி சராசரியில் இத்தனை சதவீதம் என்றால் ஏரிக்கு வரும் நீரும் ஏறத்தாழ அதே சதவீதம் என்பது அவர் கண்ட முறை. டாஹோ ஏரியின் மட்டத்துக்காகக் கரையில் வீடு வைத்திருந்தோரும் மின் நிறுவனமும் கீழே பாசனம் செய்தோரும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. வசந்தத்தில் சர்ச் சொன்ன எண்தான் அந்தச் சண்டைக்கு நடுநிலையான சான்றாயிற்று. 1929இல் கலிபோர்னியா மாநிலமே கூட்டுறவு முறையில் பனி அளவீட்டைத் தொடங்கியது. பனிச்சறுக்குத் தொழிலுக்கும் இந்த மரபோடு உறவுண்டு. மாமத் மலையில் சறுக்கு மையத்தை நிறுவிய டேவ் மெக்காய், லாஸ் ஏஞ்சலிஸ் நகர நீர்-மின் துறைக்காகப் பனியை அளந்த நீரளவையாளர். எந்தச் சரிவில் பனி தங்கும் என்பது அவருக்கு அளந்தே தெரிந்திருந்தது. இந்த மரபின் வலிமையும் எல்லையும் ஒன்றுதான்: விழுந்துவிட்ட பனியைப் பற்றி மட்டுமே அது பேசும். ஆகஸ்டில் அதற்குச் சொல்ல எதுவுமில்லை.

இன்னும் விழாத பனியைப் பற்றிப் பேசத் துணிந்த மரபு வேறு. தமிழ்நாட்டில் இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படும் 1876-78 பெரும் பஞ்சத்தில் அது தொடங்குகிறது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, பருவமழை பொய்க்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசு கேட்டது. 1875இல் உருவான இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் விடையை இமயப் பனியில் தேடினார். மலையில் பனி மிகுந்து நெடுநாள் தங்கினால் அடுத்துவரும் பருவமழை குறையும் என்று 1884இல் எழுதினார். 1886 முதல் ஆண்டுதோறும் பருவ முன்கணிப்பு வெளியாயிற்று. பனியைக் கொண்டு மழையைக் கணித்தது அந்தத் தொடக்கம். இன்றைய டாஹோ கடலைக் கொண்டு பனியைக் கணிக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு நடுவில் நிற்பவர் 1904 முதல் 1924 வரை துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதவியலரான அவர், காரணத்தைத் தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, உலகெங்குமிருந்து அழுத்தம், வெப்பம், மழை, ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று எழுத்தர்களைக் கொண்டு கணக்கிட்டார். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது, அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது என்ற ஊசலாட்டம் அதில் தென்பட்டது. அதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார். பின்னாளில் பிளிஸ் என்பவரோடு சேர்ந்து 1932இல் வெளியிட்ட சூத்திரத்தில், தென்மேற்குக் கனடாவின் குளிர்கால வெப்பநிலையும் அந்த ஊசலாட்டத்தின் உறுப்பாக இடம்பெற்றது. சிம்லாவில் இருந்துகொண்டு பருவமழைக்காகப் போட்ட கணக்கு, வட அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்களைத் தொட்டது அந்த இடத்தில்தான். தொலைதூர ஒப்புமைகள் வெறும் தற்செயல் என்று அன்று பலர் ஐயுற்றார்கள். காரணம் சொல்லப்படாத கணக்கை ஐயுறுவது நியாயமும்கூட.

காரணம் கிடைத்தது கலிபோர்னியாவில். நார்வேயிலிருந்து வந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பணியாற்றிய யாகோப் பியர்க்னஸ் 1960களில், பெரு நாட்டு மீனவர் எல் நினோ என்றழைத்த கடல் சூடேற்றமும் வாக்கரின் ஊசலாட்டமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று விளக்கினார். கிழக்குப் பசிபிக் சூடேறினால் வணிகக்காற்று தளரும். காற்று தளர்ந்தால் கடல் மேலும் சூடேறும். 1969இல் அவர் இந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே இட்டார். அறிவு வந்தும் கண்காணிப்பு வரவில்லை. 1982இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தபோது பல மாதம்வரை வல்லுநர்களே அதை உணரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் சியெராவில் கொட்டிய பனி, 1983 ஏப்ரலில் சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டி நின்றது. அதன்பின் பசிபிக் நெடுகிலும் மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. 1994 இறுதியில் அந்த வரிசை முழுமை பெற்றது. 1997-98 எல் நினோவை உலகம் மாதக்கணக்கில் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தது. ஆவணி மாதம் முன்கணிப்புக்குரிய மாதமாக ஆனதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மார்ச் முதல் மே வரை கடல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வது மிகக் கடினம். ஜூன், ஜூலை தாண்டிவிட்டால் தொடங்கிய சூடேற்றமோ குளிர்வோ பெரும்பாலும் டிசம்பர்வரை நீடித்து உச்சம் தொடும். ஆகவே ஆகஸ்டில் பேசுவது வெறும் ஆர்வக்கோளாறு அன்று. கடலைப் பற்றி நம்பிக்கையோடு ஏதாவது சொல்லக்கூடிய முதல் வாய்ப்பு அது.

கடலைப் பற்றிச் சொல்வது வேறு, மலையைப் பற்றிச் சொல்வது வேறு. பொதுவான போக்கு இதுதான்: எல் நினோ ஆண்டில் புயல்களின் பாதை தெற்கே இறங்கித் தெற்குக் கலிபோர்னியாவும் அரிசோனாவும் நனையும், கடல் குளிரும் லா நினா ஆண்டில் பாதை வடக்கே ஏறி வாஷிங்டனும் ஓரிகனும் பனி பெறும். இந்த இரண்டுக்கும் நடுவே, தராசின் முள் நிற்கும் இடத்தைப் போல, ஏறத்தாழ 40 பாகை வடக்கில் ஒரு பகுதி இருக்கிறது. டாஹோ ஏரி 39 பாகையில் கிடக்கிறது. தட்டுகள் எவ்வளவு ஆடினாலும் அச்சு நிற்கும் இடத்தில் ஆட்டம் குறைவு. பதிவுகள் அதையே காட்டுகின்றன. 1976-77 எல் நினோ ஆண்டு; 1977 ஏப்ரலில் கலிபோர்னியப் பனி சராசரியில் கால்பங்குதான். மாபெரும் எல் நினோ என்று உலகமே பேசிய 2015-16இல் அது 87 சதவீதத்தில் நின்றது. அடுத்த ஆண்டு வலுக்குறைந்த லா நினாவில் பனி ஒன்றரை மடங்கைத் தாண்டியது. மூன்றாவது முறையாகத் தொடர்ந்த லா நினாவை முன்வைத்து வறட்சி நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட 2022-23இல், 2023 ஏப்ரல் தொடக்கத்தில் பனியின் நீரளவு சராசரியில் 237 சதவீதம். டானர் கணவாய் அருகே 1946 முதல் இயங்கும் பனி ஆய்வகத்தில் 19 மீட்டருக்கும் மேல் பனி விழுந்தது. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுவரை ஒன்பது வளிமண்டல ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறியதே அந்தக் கணக்கைத் திருப்பிய பெரிய காரணம். கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் இந்த நீண்ட ஈரப்பட்டைகள் ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. மேற்குக் கரையின் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை விரல்விட்டு எண்ணக்கூடிய இத்தகைய நிகழ்வுகளே தருகின்றன. நான்கு புயல் வந்தால் வளம், இரண்டு வந்தால் வறட்சி என்றிருக்கும் மலையில் பருவச் சராசரியின் சாய்வு எவ்வளவுதான் சொல்லிவிட முடியும்?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1982-83, 1997-98 ஆகிய இரண்டு பெரிய எல் நினோக்களிலும் சியெராவில் பனி குவிந்ததே, வலுவான நிகழ்வுகளையாவது நம்பலாமே என்பது அது. இரண்டு சான்றின் மேல் நின்ற அந்த நம்பிக்கையை மூன்றாவது சான்றான 2015-16 தளர்த்திவிட்டது. இந்தக் கணக்கின் தாய்வீடான இந்தியாவிலும் இதுவே நிலை: 1997இன் வலிமைமிக்க எல் நினோவில் இந்தியப் பருவமழை பொய்க்கவில்லை, இயல்பாகவே பெய்தது, அதைவிட வலுக்குறைந்த 2002இல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இன்னொரு மறுப்பு, முன்கணிப்பாளர்கள் ஒருபோதும் உறுதி தரவில்லை என்பது. உண்மைதான். அமெரிக்கப் பருவ முன்கணிப்பு வரைபடம் சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற மூன்று வாய்ப்புகளைத்தான் எடை போடுகிறது; மூன்றும் சமமென்றால் ஆளுக்கு 33 சதவீதம், ஒன்று 40 ஆனால் அது சின்னச் சாய்வு. தாது வருஷத்துக்குப் பிந்திய அரசுக்கு அந்தச் சாய்வே பயன்பட்டிருக்கும்; நாடு முழுவதற்கும் தானியம் திட்டமிடுபவருக்குப் பத்தாண்டுச் சராசரியில் அது லாபம் தரும். பனிச்சறுக்குக்காரருக்கு வேண்டியது அதுவன்று. 2008இல் எபிக் பாஸ், 2018இல் ஐகான் பாஸ் என்ற பருவச் சீட்டுகள் வந்தபின், குளிர்காலம் பிறக்கும் முன்பே முழுப் பருவத்துக்கும் பணம் கட்டுவது வழக்கமாயிற்று. பனி பொய்க்கும் இழப்பில் பெரும்பங்கு அதனால் வாங்குபவர் தலையில் ஏறியது. 40 சதவீதச் சாய்வை அவர் வாக்குறுதியாகப் படிக்கத் தூண்டப்படுவதும் அதனால்தான். சென்னைக்காரர்களுக்கு இது புரியாததன்று. 2015-16இன் அதே எல் நினோவில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் என்ற போக்கு பொய்க்கவில்லை. ஆனால் டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டும் என்பதை எந்தப் பருவக் கணிப்பும் சொல்லியிருக்க முடியாது. பருவச் சராசரியே ஒரு மறைப்பாகிவிடுவதும் உண்டு. 2021 டிசம்பரில் பனி ஆய்வகத்தில் விழுந்த 5.4 மீட்டர், டிசம்பர் மாதத்துக்கான சாதனை. பிறகு மூன்று மாதம் வானம் பொய்த்துவிட்டது. ஏப்ரலில் மாநிலப் பனி சராசரியில் 38 சதவீதம்.

கோடைக்கடைசி முன்கணிப்பில் ஓரளவு உறுதியான பகுதி ஒன்று இருக்கிறது. அதைத்தான் குறைவாகக் கேட்கிறார்கள். ஈரத்தைவிட வெப்பநிலையைப் பருவத்துக்கு முன்னால் கணிப்பது எளிது, அதிலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் வெப்பத்தின் கை தெளிவாகத் தெரிகிறது. ஒரு பாகை செல்சியஸ் கூடினால் மழை பனியாக மாறும் உயரம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போய்விடும். மாமத் மலையின் உச்சி 3,369 மீட்டர். அதற்கு இன்னும் இடமிருக்கிறது. டாஹோவைச் சுற்றிய மையங்கள் பலவற்றின் அடிவாரம் 1,900 மீட்டரை ஒட்டி நிற்கிறது, டானர் கணவாயே ஏறத்தாழ 2,150தான். அந்த உயரங்களில் வளிமண்டல ஆறு ஒன்று இரண்டு பாகை சூடாக வந்தால் பனிக்குப் பதில் மழை பெய்யும். 1997 புத்தாண்டில் அப்படித்தான் ஆயிற்று. நல்ல பனிமேல் வெதுவெதுப்பான மழை கொட்டி, ட்ரக்கி ஆறு பெருகி ரீனோ நகரில் புகுந்தது. இத்தகைய ஆண்டில், ஈரம் மிகும் என்ற ஆகஸ்ட் கணிப்பு பலிக்கவும் செய்யலாம், சரிவு வெறுமையாகக் கிடக்கவும் கிடக்கலாம். சர்ச்சின் குழாயை அன்றைக்குச் செருகி எடுத்தால் அதில் அகப்படுவது தங்கிய பனி மட்டுமே. மழையாகப் பெய்து ஆற்றோடு போன நீர் அந்த நிறுவையில் ஏறாது.