சுவர் எவ்வளவு தடிமன்?

புதுக்கோட்டைப் பக்கம் போனால் குன்றாண்டார்கோவிலை விட்டுவிடாதீர்கள். பல்லவர் காலத்துக் குடைவரை. தேர் வடிவ மண்டபத்தைக் கல் குதிரைகள் இழுப்பதை வாய்பிளந்து ரசித்துவிட்டு, குடைவரைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கள். இது எத்தனை அடி தடிமன்? சொல்ல முடியாது. குடைந்தெடுத்த வெற்றிடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சுவர், மலைக்குள்ளேயே போய்விடுகிறது!

நம் கழுத்து ரத்தக்குழாய் விஷயத்தில் டாக்டர்களும் ரொம்ப காலம் இப்படித்தான் திகைத்து நின்றார்கள். 1927-ல் லிஸ்பன் நகரில் ஈகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். தெரிந்தது, ரத்தம் ஓடும் பாதை மட்டும். ஆனால், கொழுப்பு படிவது சுவரில் அல்லவா? பாதை குறுகும் முன்பே சுவர் தடித்துவிடும். பக்கவாதத்துக்கு விதை விழுவது அங்கேதான்.

1986-ல் இத்தாலியின் பிக்னோலி, அல்ட்ரா சவுண்டில் அந்தச் சுவரை அளந்து காட்டினார். நம்ம சென்னையிலும் அளந்தார்கள். டாக்டர் மோகன் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில் சர்க்கரை நோயாளிகளின் சராசரி 0.95 மில்லிமீட்டர், மற்றவர்களுக்கு 0.74. வித்தியாசம், இரண்டு மூன்று தலைமுடி கனம்!

அப்புறம் எம்.ஆர்.ஐ. வந்தது. குழாயின் முழு வளையத்தையும் குறுக்கே வெட்டியதுபோலக் காட்டியது. சரி, அதை நம்பலாமா? சியாட்டிலில் சுன் யுவான் குழு ஒரு நேர்மையான காரியம் செய்தது. ஆபரேஷனுக்கு முன் படம் எடுத்து, பிறகு வெளியே எடுத்த அடைப்பையே அளந்து ஒப்பிட்டார்கள் (1998). பெரும்பாலும் ஒத்துப்போனது. ஆனால், அதெல்லாம் நோய் முற்றித் தடித்த சுவர்கள். மெல்லிய சுவரில்தான் வம்பு. படத்தின் ஒரு புள்ளியே சுமார் அரை மில்லிமீட்டர். நோயாளி எச்சில் விழுங்கினால் படம் கலங்கிவிடும். மூங்கிலைச் சாய்வாக அறுத்துப் பாருங்கள், ஓரம் தடிமனாகத் தெரியும். குழாய் சாய்ந்திருந்தாலும் அதே கதை. கோடு போட்டு அளப்பவர் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

இத்தனைக்கும் சுவர் ஒரு வருஷத்தில் தடிப்பது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆயிரம் பேரின் சராசரியில் அது பிடிபடும். தனி ஆளின் ரிப்போர்ட்டில்? அல்ட்ரா சவுண்ட் அளவை 'எடுத்துப் பார்க்கலாம்' என்று 2010-ல் சொன்ன அமெரிக்க இதயநோய் அமைப்புகள், 2013-ல் 'வழக்கமாக வேண்டாம்' என்று பின்வாங்கின. அளவின் தரத்தில் இருந்த சந்தேகமும் ஒரு காரணம்.

போன வருஷம் 0.7, இந்த வருஷம் 0.8 என்று உங்கள் கையில் இரண்டு ரிப்போர்ட் இருந்தால், பதறுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: இரண்டும் ஒரே மெஷினா, கழுத்தில் ஒரே இடமா, அளந்தவர் ஒரே ஆள்தானா?