சாடிக்குள் ஒரு புழு
ஒல்லாந்துப் பூ ஓவியங்களைச் சும்மா அலங்காரம் எண்டு கடந்துபோறம். ரேச்சல் ரௌஷின் (1664–1750) ஓவியங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கோ: புழு அரித்த இலைகள், இதழில் ஊரும் பூச்சிகள். வெவ்வேறு பருவத்தில் பூக்கிற மலர்கள் ஒரே சாடியில் நிற்கும். எல்லாம் அழியும் என்பதைப் பூச்சிகள் சொல்லுது என்பது வழமையான வாசிப்பு. அது மட்டும் போதாது. தகப்பன் ஆம்ஸ்டர்டாமில் உடற்கூற்றியலும் தாவரவியலும் படிப்பிச்சவர். பதப்படுத்திய உயிரிகளைச் சேகரித்தவர். மனித உடலைப் பார்த்து வரையப் பழகுவது பெண்களுக்கு மறுக்கப்பட்ட காலத்தில், ரேச்சலுக்குத் திறந்திருந்த ஆய்வுகூடம் அந்தச் சேகரிப்புத்தான். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், 1708இல் டுசல்டோர்ஃப் அரசவை ஓவியரானார். 83 வயதிலும் வரைந்தார். கையொப்பத்தோடு வயதையும் எழுதினார். பெண்ணுக்கு விட்ட இடம் ஒரு பூச்சாடி அளவுதான். அதுக்குள்ள அவர் அறுபது வருசத்துக்கு மேல வேலை செய்திருக்கிறார்.