முதியோர் காப்பும் குடும்பச் சொத்தும்

வீட்டையும் நிலத்தையும் இப்பொழுதே பிள்ளைகளின் பெயருக்கு எழுதி வைத்துவிடலாமா, அல்லது கண் மூடும் வரையில் நம் கையிலேயே வைத்துக்கொள்வதா? வயது முதிர்ந்த பெற்றோர் பலர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. எழுதி வைத்துவிட்டால் நாளை சோறு போடுவார்களா என்ற ஐயம் ஒரு பக்கம். எழுதாமல் இருந்தால் பிள்ளைகளின் மனம் கசந்துவிடுமோ என்ற அச்சம் மறுபக்கம். கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. நம் நாட்டுத் தர்மசாத்திரங்களும், ஆங்கிலேயர் காலத்து நியாய ஸ்தலங்களும், சுதந்திர இந்தியாவின் சட்டங்களும் இதற்கு விடை தேட முயன்றிருக்கின்றன. அந்த முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

சட்டங்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் பணியில் இருப்போருக்கு 'ஜீவனாம்சம்' என்ற சொல் நன்கு பழக்கமானது. இன்று இதைக் கேட்டவுடன் பிரிந்து வாழும் மனைவிக்குக் கணவன் தரும் மாதத் தொகையே நினைவுக்கு வருகிறது. ஆயின் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு கருத்து விளங்கும். ஜீவனத்துக்கான அம்சம், அதாவது உயிர் வாழ்வதற்கு உரிய பங்கு. பங்கு என்றால் ஏதேனும் ஒரு சொத்திலிருந்துதானே வரவேண்டும்? ஆகவே காப்பாற்றும் கடமையும் சொத்தின் பாகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதை அந்தச் சொல்லே நமக்கு உணர்த்துகிறது.

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இக்கடமையை அறவுரையாக மட்டும் விட்டுவிடவில்லை. சக்தியிருந்தும் மனைவி மக்களையும், தாய் தந்தையரையும், வயது வராத சகோதரரையும், விதவையான சகோதரிகளையும் காப்பாற்றாதவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம் என்று அது விதிக்கிறது. ஒழுக்கம் தவறிப் பதிதரானவரைக் காப்பாற்றவேண்டிய கடமை இல்லை என்று விலக்கு அளித்துவிட்டு, அந்த விலக்கு தாய்க்குப் பொருந்தாது என்றும் கூறுகிறது. எந்நிலையிலும் தாயைக் கைவிடலாகாது என்பது அதன் முடிவு.

பிற்காலத்தில் இந்துக் குடும்பச் சொத்து முறை இரு பெருங் கிளைகளாகப் பிரிந்தது. சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் கல்யாண நகரில் விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரம் என்ற உரை நாட்டின் பெரும்பகுதியில் பிரமாணமாயிற்று. அதன்படி பிதிரார்ஜிதச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. மகன் பாகப்பிரிவினை கோரினால் தந்தைக்கும் மகனுக்குரிய அளவே ஒரு பங்கு கிடைக்கும். வங்காளத்தில் வழங்கிய ஜீமூதவாகனரின் தாயபாகமோ இதற்கு மாறானது. தந்தை உயிரோடிருக்கும் வரையில் அவரே முழுச் சொத்துக்கும் உரியவர். மக்கள் காத்திருக்க வேண்டியதுதான். முதுமையில் பெட்டிச் சாவி எவர் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு இவ்விரு நூல்களும் இரு வேறு விடைகளை அளித்தன.

தந்தையின் நிலை இவ்வாறிருக்க, தாயின் நிலை மேலும் இடர்ப்பாடானது. கணவன் இறந்தபின் மக்கள் சொத்தைப் பிரிக்குங்கால் தாய்க்கும் மகனுக்கு ஒத்த பங்கு உண்டு என்று பழைய ஸ்மிருதிகாரர் வகுத்த உரிமையைப் பின்வந்த உரையாசிரியர்கள் குறுக்கிவிட்டனர் என்று ராஜா ராம்மோகன் ராய் 1822-இல் ஒரு சிறு நூல் எழுதி வாதாடினார். பெண்களின் துயரத்துக்கும் அவர்களுடைய சொத்துரிமை தேய்ந்ததற்கும் உள்ள தொடர்பை அவர் அதில் எடுத்துக் காட்டினார்.

மக்கட்பேறு இல்லாத விதவைக்குக் கணவன் சொத்து கிடைத்த இடங்களிலும் அது ஆயுட்கால உரிமையாகவே கிடைத்தது. அவள் அனுபவிக்கலாம், விருப்பம்போல் விற்கலாகாது. 'சட்டப்படியான அவசியம்' இருந்தால் மட்டுமே விற்பனை செல்லும். பிறர் பொருட்டுச் சொத்தை நிர்வகிப்பவர் அதன்மேல் கடன் வாங்கும்போது அவசியம் இருந்ததா என்று எவ்வாறு ஆராய்வது என்பதற்கு 1856-இல் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சில் ஒரு நெறியை வகுத்தது. மைனரின் சொத்தைப் பற்றி எழுந்த அந்நெறி பின்னர் விதவைகளின் விற்பனைக்கும் பொருத்தப்பட்டது. விளைவு யாது? கிழவி ஒருத்தி தன் உணவுக்கும் மருந்துக்கும் ஒரு காணி நிலத்தை விற்றால், அவளுக்குப் பின் சொத்தை அடையக் காத்திருக்கும் பங்காளி நியாய ஸ்தலம் சென்று, அந்தச் செலவு அவசியந்தானா என்று கேட்க இயலும். முதியவரின் வயிற்றுக்கும் வாரிசின் எதிர்பார்ப்புக்கும் இடையே உள்ள போராட்டத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சட்டம் வேறு இல்லை எனலாம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு மகனோடொத்த பங்கைத் தந்தும் இந்த ஆயுட்கால வரம்பை நீக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அதை நீக்கி, அவளை முழு உரிமையாளர் ஆக்கியது.

உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிட்டு அதன் பயனை மட்டும் தனக்கு நிறுத்திக்கொள்வது ஒருவழி. முஸ்லிம் தந்தை ஒருவர் தம்மிடமிருந்த சர்க்கார் கடன் பத்திரங்களை மகனுக்கு அளித்து, தம் ஆயுள் வரையில் அவற்றின் வருவாய் தமக்கே வரவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அந்த ஹிபா செல்லும் என்று 1867-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆனால் இத்தகைய நிபந்தனை ஏதுமின்றிக் கொடுத்தவரின் நிலை என்ன? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, கொடுத்தவர் தம் விருப்பப்படி தானத்தை ரத்துச் செய்ய இயலாது. இன்ன நிகழ்ச்சி நேர்ந்தால் தானம் ரத்தாகும் என்று இருவரும் முன்னரே உடன்பட்டிருந்தாலொழிய, அல்லது வஞ்சனையோ வற்புறுத்தலோ நிரூபிக்கப்பட்டாலொழிய, போனது போனதுதான். மகன் சோறு போட மறுத்தான் என்பதொன்றே போதிய காரணம் ஆகாது. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த தந்தையருக்கு 125 ஆண்டுகள் வரையில் இச்சட்டமே விடையாக நின்றது.

சுதந்திரத்துக்குப் பின் கடமைப் பக்கம் மெல்ல வலுப்பெற்றது. முதிய பெற்றோரைக் காப்பது மகனுக்கே உரிய கடமை என்றிருந்த இந்துச் சட்டத்தில், 1956-இல் மகளும் சேர்க்கப்பட்டாள். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே ஜீவனாம்சம் அளித்தது. 1973-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தின் 125-ஆம் பிரிவு தாய் தந்தையரையும் உட்படுத்தியது. சமயம் எதுவாயினும் அது பொருந்தியது. மணமான மகளும் அப்பிரிவின்கீழ்ப் பொறுப்பாளியே என்று 1987-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆனால் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001 வரையில் நீடித்தது.

இதற்கிடையே வாழ்க்கையின் அளவே மாறிவிட்டது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகமாக இருந்தனர். முற்காலத்தில் முதியவரின் இறுதி நோய் பெரும்பாலும் சில நாட்களில் முடிந்தது. இன்று பக்கவாதமோ மறதி நோயோ கண்டவர் பத்தாண்டுகள் படுக்கையில் வாழக்கூடும். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று ஆள் வைக்கவேண்டும், மருந்து வேண்டும், பலவேளைகளில் மகளோ மருமகளோ தன் வேலையை விடவேண்டும். இச்செலவை ஏற்கும் பொதுவான காப்புறுதித் திட்டம் நம் நாட்டில் உருவாகவில்லை. உத்தரப் பிரதேசம் 1957-இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. மத்திய அரசு 1995-இல் தேசிய அளவில் அதை மேற்கொண்டது. எனினும் வறியவருக்கே உரிய அச்சிறு தொகை ஓர் ஆளின் கூலிக்கும் போதாது. ஆகவே செலவின் பாரம் முதலில் ஓய்வூதியத்தின் மீதும், பின்னர் சேமிப்பின் மீதும், இறுதியில் வீட்டின் மீதும் விழுகிறது.

இந்நிலையில் இமாசலப் பிரதேசம் 2001-இல் பெற்றோர் பராமரிப்புக்கெனத் தனிச் சட்டம் செய்தது. 2007-இல் நாடாளுமன்றம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. இதில் நம் பொருளுக்கு நேரே தொடர்புடைய விதிகள் இரண்டு. மக்கட்பேறு இல்லாத முதியவரைக் காக்கும் பொறுப்பு, அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினரைச் சாரும். அத்தகையோர் பலராயின், அடையும் பங்கின் விகிதப்படியே செலவையும் ஏற்கவேண்டும். இது முதலாவது. தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அக்கடமையில் தவறினால், அம்மாற்றம் வஞ்சனையால் நேர்ந்ததாகவே கருதப்படும். முதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். இது இரண்டாவது, 23-ஆம் பிரிவு. 1882-ஆம் ஆண்டுக் கதவு இதனால் சிறிது திறந்தது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத பராமரிப்புத் தொகையும் இச்சட்டத்தின்கீழ்க் கோரலாம். அசாம் மாநிலம் 2017-இல் மற்றொரு வழியில் சென்று, பெற்றோரைப் புறக்கணிக்கும் அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துப் பெற்றோருக்கே அளிக்க வகை செய்தது.

ஆயினும் நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படாவிட்டால் என்ன செய்வது? தாய் மகனிடம் நிபந்தனை பேசுவது நம் வீடுகளில் வழக்கமில்லையே! பத்திரத்திலோ அன்பும் பாசமும் காரணமாக என்றுதான் எழுதுகிறோம். 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்தது என்று காட்டப்படாத வரையில் 23-ஆம் பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இச்சட்டம் முதியோரின் நலத்துக்காக ஏற்பட்டது. ஆதலால் அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, அவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரம் ரத்தானதை நிலைநிறுத்தியது.

சட்டம் இன்னும் தொடாத ஓரிடம் உண்டு. அது உடன்பிறந்தாரின் நடுவே இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மக்கள் அனைவருக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவர் பத்தாண்டுகள் மலமூத்திரம் எடுத்துப் பணிவிடை செய்திருப்பார். மற்றவர் பண்டிகைக்கு மட்டும் வந்து போயிருப்பார். பங்கில் வேற்றுமை இல்லை. பணிவிடை செய்தவருக்கென உயில் எழுதினாலோ, அங்கும் ஒரு முள் உண்டு. உயில் எழுதுவதில் முன்னின்றவரே அதனால் பெரும் பயன் அடைவாராயின், அது ஐயத்துக்குரிய சூழ்நிலை. அந்த ஐயத்தை அவரே நீக்கவேண்டும் என்று 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் ஆட்சி செய்கிறது. படுத்தவரை ஏமாற்றுவோர் உண்டாதலின் நெறி சரியானதே. ஆயினும் கட்டிலருகே நின்றவரே கூண்டிலும் நிற்க நேரிடுகிறது.

வீட்டை விற்காமலும் பிள்ளைகளிடம் கையேந்தாமலும் வாழ ஒரு வழியாக, 2007-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தலைகீழ் அடமானம் அறிவிக்கப்பட்டது. முதியவர் தம் வீட்டிலேயே குடியிருப்பார். வங்கி மாதந்தோறும் அவருக்குப் பணம் தரும். அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், இல்லையேல் வங்கி விற்றுக்கொள்ளும். கணக்கில் குறையில்லை, எனினும் அது பரவவில்லை. வீடு என்பது பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதற்கே என்ற எண்ணம் நம்மவரிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தம் சொத்தைத் தம் முதுமைக்குச் செலவிடுவதையே குற்றமெனக் கருதும் பெற்றோர் எத்தனை பேர்!

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினைகள் எளியவை. கொடுப்பதாயின் ஆயுட்கால அனுபவ உரிமையை நிறுத்திக்கொண்டு கொடுக்கலாம். அத்தகைய தானப் பத்திரம் செல்லும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. பராமரிப்பை எதிர்பார்ப்பதாயின் அதைப் பத்திரத்திலேயே எழுதுவது நலம். அதனால் அன்பு குறைந்துவிடாது. பார்த்துக்கொள்பவர் யார், செலவை ஏற்பவர் யார் என்பதை, பெற்றோருக்கு நினைவு தெளிவாக இருக்கும்பொழுதே உடன்பிறந்தார் ஒருங்கே அமர்ந்து பேசிவிடவேண்டும். இறுதிச் சடங்குக்குப் பின் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் வழக்கில்தான் முடிகிறது.

சொத்து முதலில் அதை ஈட்டியவரின் ஜீவனத்துக்கு, எஞ்சியதே வாரிசுக்கு. இந்த முறையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டுவிட்டால், இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு எந்தத் தாயும் தந்தையும் இரவில் விழித்திருக்கத் தேவையில்லை.