கன்னி மூலைத் தொட்டியும் சோலார் கூரையும்

பாவூர்சத்திரத்தில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. (மொட்டை மாடிக்கு எங்க பக்கம் தட்டட்டின்னுதான் பேர்.) போன மார்கழியில் ஒருநாள் இன்வெர்ட்டர் தரும் தரவையெல்லாம் இறக்கி வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி, சும்மா இருக்க விடாது. மத்தியானம் இரண்டரைக்கு மேல் கோடு பொசுக்கென்று கீழே விழுகிறது. மேகம் கிடையாது. மேலே ஏறிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் மேல் சாவகாசமாகப் படுத்திருக்கிறது.

தொட்டி இருப்பது தென்மேற்கு மூலை. வாஸ்துப்படி கன்னி மூலைதான் உயரமாக இருக்கணும் என்று கொத்தனார் சொன்னார், அப்பாவும் தலையாட்டினார். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போகிறது. பிற்பகலில் தென்மேற்கில் நிற்கிறது. நிழல் அப்படியே வடகிழக்காக மாடியின் குறுக்கே நீள்கிறது. பேனலுக்குள் செல்கள் மாலை மாதிரி ஒன்றோடொன்று தொடராகக் கோர்க்கப்பட்டவை. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கப் படுத்துவிடும்.

வீட்டைக் கட்டியவர் மேலும் தப்பில்லை, பேனல் மாட்டியவர் மேலும் தப்பில்லை. ரெண்டு பேரும் சந்திக்கவே இல்லை, அதுதான் பிரச்சினை. அப்படியென்றால் கட்டடமும் பேனலும் ஒரே வரைபடத்தில் எப்போது சந்தித்தன என்று தேட ஆரம்பித்தேன்.

கூரை மேல் பேனல் வைப்பது நாம் நினைப்பதைவிடப் பழசு. 1880களிலேயே சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்பவர் செலினியம் செல்களை நியூயார்க்கில் ஒரு கூரையில் ஏற்றிவிட்டார். ஆனால் அது மேலே வைத்ததுதான். வரைபடத்திலேயே சேர்ந்தது என்றால் 1973-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் குழு கட்டிய 'சோலார் ஒன்' வீட்டைச் சொல்லலாம். காட்மியம் சல்ஃபைடு செல்கள் கூரையோடு கூரையாக இருந்தன. அவற்றின் அடியில் காற்றை ஓடவிட்டு, அந்தச் சூட்டையும் வீட்டுக்குப் பயன்படுத்தினார்கள். செல் சூடானால் மின்சாரம் குறையும் என்பதால் அந்தக் காற்று ரெண்டு வேலை பார்த்தது. பிறகு 1991-ல் ஜெர்மனியின் ஆகன் நகரில் மின்வாரியக் கட்டடத்தின் சுவரையே பேனலாக்கினார்கள். இன்று பளபள படங்களில் வரும் சோலார் கண்ணாடிச் சுவர்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

அந்தப் படங்களைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டதும் ஆசை போய்விட்டது. ஆகன் இருப்பது ஏறத்தாழ 51 பாகை வடக்கில். டிசம்பர் உச்சி வேளையிலேயே சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 16 பாகைதான் ஏறும். தெற்குச் சுவரில் வெயில் நேராக வந்து அடிக்கும். நாம் இருப்பது 9 பாகைக்குச் சற்றுக் கீழே. சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே. அதிலிருந்து ஆவணி பாதி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. அந்த நாலரை மாசமும் தெற்குச் சுவரில் உச்சி வெயில் படவே படாது. நமக்குச் சுவர் இல்லை, கூரைதான்.

தமிழ்நாட்டில் கூரையை அப்படி யோசித்தவர்கள் ஆரோவில்காரர்கள். அங்குள்ள சோலார் கிச்சனின் கூரை மேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று இருக்கிறது. உட்புறம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது, நடுவில் இருக்கும் வாங்கிதான் சூரியனோடு நகரும். அசையாத பொருள் என்பதால்தான் அதைக் கட்டடத்தின் பாகமாகவே கட்ட முடிந்தது. மின்சாரம் இல்லை, நீராவி. அதில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமையல் நடக்கும்.

ஆனால் எண்ணிக்கையில் பெரிய முயற்சி வேறு. 2011-ல் அறிவித்த முதலமைச்சரின் சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு, வருஷத்துக்கு 60,000 என்று ஐந்து வருஷத்தில் 3 லட்சம் வீடுகள் இலக்கு. ஒரு வீட்டுக்கு ரூ.1.80 லட்சம், அதில் கட்டுமானத்துக்கு 1.50 லட்சம், சோலார் விளக்குக்கு 30,000. படுக்கையறை, கூடம், அடுக்களை, கழிப்பறை, வராந்தா என்று இடத்துக்கு ஒன்றாக 5 சிஎஃப்எல் விளக்குகள். இதை இலவசத் திட்டங்களில் ஒன்றாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மதிப்பீட்டுத் தாள்தான். செங்கல், கம்பி, சிமெண்ட் மாதிரி சோலாரும் வீட்டுச் செலவில் ஒரு வரி, ஆறில் ஒரு பங்கு. கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி என்ற இன்றைய கணக்கில், அந்த 300 சதுர அடிக் கூரை முழுக்கப் போட்டால் 3 கிலோவாட். என் வீட்டில் இருப்பதும் அதே அளவுதான்!

அந்த வரி மற்ற வீடுகளின் மதிப்பீட்டுக்குள் பரவவில்லை. 2012 சூரிய மின்சக்திக் கொள்கை 3000 மெகாவாட் இலக்கு வைத்தது, வீட்டுக் கூரைகளுக்கு யூனிட் கணக்கில் ஊக்கத்தொகை சொன்னது. 2024-ல் வந்த பிரதமரின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். எல்லாமே கட்டி முடித்த மாடியைத் தேடி வருகிறவை. மழைநீர் சேகரிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2003-ல் கட்டாயமாக்கியபோது எல்லாரும் முணுமுணுத்தார்கள். இன்றைக்குக் கொத்தனார் கேட்காமலேயே குழாயை இறக்கிவிடுகிறார்.

இப்போது மச்சினன் கீழப்பாவூரில் வீடு கட்டப்போகிறான், தையில் வானம் தோண்டணும். நான் ஒரு தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன். கான்கிரீட் போடும்போதே பேனல் கால்களுக்குத் திண்டு வார்த்துவிடணும். பின்னால் தட்டோட்டைத் துளைத்தால் சாரல் சீசனில் ஒழுகும். பேனல்களை எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரித் தூக்கி, தெற்கே லேசாகச் சாய்க்கணும். கீழே துணி காயும், வத்தல் காயும், அறையும் சூடாகாது. இந்தப் பக்கம் காற்றாலை சுற்றுகிற ஊர்கள், ஆடிக் காற்றுக்கு அந்தக் கால்கள் தாங்குமா என்பதை இன்ஜினியர் பார்த்துச் சொல்லணும்.

தொட்டியை வடக்கே தள்ளலாமா என்று கேட்டதற்கு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னி மூலையிலேயே இருக்கட்டும், உயரத்தை மட்டும் குறைத்துப் பந்தலுக்கு அடியில் வைக்கலாம் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது.