அரசவைக் கவிஞர் ராசீன்

பிரெஞ்சு நாடகப் பெருங்கவிஞர் ழான் ராசீன் 1639-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவருக்குக் கல்விக்கண் திறந்தது போர் ரோயால் மடத்துப் பள்ளி. அங்கே பயின்ற கிரேக்க இலக்கியமே அவருடைய நாடகங்களுக்கு ஊற்றாயிற்று. ஆயினும் அம்மடத்தார் நாடகத்தை நஞ்சென்று வெறுத்தனர். அது கண்டு சினந்த ராசீன், 1666-இல் தம் ஆசிரியர்களையே எள்ளிக் கடிதம் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டில் 'ஆந்த்ரோமாக்' அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. 1677-இல் 'ஃபேத்ர்' அரங்கேறியது. அவ்வாண்டிலேயே பதினான்காம் லூயி மன்னர் அவரைத் தம் வரலாற்றாசிரியராக அமர்த்தினார். பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் நாடகமே எழுதவில்லை. மெந்தெனோன் சீமாட்டியின் வேண்டுகோளுக்கிணங்கி, சேன் சீர் பள்ளி மாணவியர் நடிப்பதற்காக 'எஸ்தர்' (1689), 'அத்தலி' (1691) என்னும் இரு விவிலிய நாடகங்களை இயற்றினார்.

மன்னருக்கோ போர் ரோயால் மீது தீராத வெறுப்பு. ஆயினும், அரசரின் வரலாற்றை எழுத அமர்த்தப்பட்டவர், அரசர் வெறுத்த மடத்தின் வரலாற்றையும் மறைவாக எழுதினார்! தம் பழைய ஆசிரியர் ஒருவரின் கல்லறையடியில் தம்மைப் புதைக்குமாறும் எழுதிவைத்து, 1699-இல் மறைந்தார். பின்னர் மன்னர் ஆணையால் அம்மடம் இடிக்கப்பட்டது. 1711-இல் கவிஞரின் எலும்புகள் பாரிசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

மாணவர்களே! இளமையில் மறந்த நன்றியை, அஞ்சியும் அஞ்சாமலும் அவர் திருப்பிச் செலுத்தினார். அரசவை தந்த புகழினும் அந்நன்றி பெரிதன்றோ?