பாற்பல் சொன்ன சான்று

வகுப்பறையில் ஆசிரியர் எளிதாகச் சொல்லிவிடும் சொற்களுள் 'மந்தம்' என்பது ஒன்று. சொன்னதை உடனே மறப்பவன், இருந்த இடத்தில் இருக்கமாட்டாதவன், எடுத்த வேலையை முடிக்காதவன் ஆகியோரைக் குறிக்க அச்சொல் நமக்குக் கைகொடுக்கிறது. இக்குறைகளுக்குப் பயிற்சிக் கல்லூரியில் பல காரணங்களைக் கற்றோம். வீட்டுச் சூழல், பசி, பார்வைக் குறை, செவிக் குறை, ஆசிரியரின் போதனைக் குறை என அவை விரியும். அவற்றோடு சேர்க்கவேண்டிய மற்றொரு காரணத்தை அந்நாளில் நான் கேள்விப்படவில்லை. அஃது ஓர் உலோகம். காரீயம் என்பது அதன் பெயர். அவ்வுலோகத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்ட வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இரண்டு ஈயங்கள்

முதற்கண் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் எடுத்ததும், நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவித்ததும் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆகவேண்டியதே. காரீயம் வேறு. நீலம் பாய்ந்த சாம்பல் நிறமும், கையில் எடுத்தால் உணரத்தக்க கனமும் உடையது. வலையிற் கட்டும் குண்டுகளும் மோட்டார் பேட்டரியின் தகடுகளும் அதனால் ஆனவை. விலை மலிவு கருதி வெள்ளீயத்தோடு இதனைக் கலப்பாரும் உளர். அத்தகைய சொம்பில் புளிக்கரைசல் கொதிக்குமாயின் காரீயம் உணவில் இறங்கும்.

காரீயம் நஞ்சு என்பது புதிய செய்தியன்று. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், காரீயக் குழாயில் வரும் நீரினும் மண்குழாயில் வரும் நீரே உடலுக்கு ஏற்றது என்று எழுதினார். காரீயம் உருக்குவோரின் வெளிறிய மேனியை அதற்குச் சான்றாகக் காட்டினார். ஆயினும் நெடுங்காலம் வரை அது பெரும்பாலும் தொழிலாளரைப் பற்றும் நோயாகவே எண்ணப்பட்டது. பிள்ளைகளையும் அது பற்றும் என்பதை உலகுக்குத் தெளிவாக உணர்த்திய ஊர், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்.

பிரிஸ்பேன் வீடுகளின் தாழ்வாரம்

1892ஆம் ஆண்டில் ஜெப்ரிஸ் டர்னர் என்னும் மருத்துவர், பிரிஸ்பேன் குழந்தைகள் சிலர் காரீய நஞ்சால் நோயுற்றிருப்பதை மருத்துவர் மாநாடு ஒன்றில் எடுத்துரைத்தார். நஞ்சு எவ்வழியே நுழைந்தது என்பது அப்போது துலங்கவில்லை. அவ்வழியைக் கண்டவர் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர். பார்வை கெட்டுத் தம்மிடம் வந்த குழந்தைகளின் வீடுகளை அவர் கருதிப் பார்த்தார். அங்கே தாழ்வாரங்களின் மரக் கைப்பிடிகளுக்குக் காரீயம் கலந்த வெண்சாயம் பூசியிருந்தனர். கடும் வெயில் அச்சாயத்தைப் பொடியாக்கியது. பொடி, பிடித்து விளையாடும் குழந்தையின் கையில் ஒட்டியது. விரல் சூப்பும் பழக்கமும் நகம் கடிக்கும் பழக்கமும் அதனை வயிற்றுக்குள் சேர்த்தன.

1904இல் கிப்சன் இதனை வெளியிட்டார். ஏற்காதவர் பலர். குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீயச் சாயம் பூசலாகாது என்று குவீன்ஸ்லாந்து அரசு சட்டம் செய்ததோ 1922இல். இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். அமெரிக்காவில் வீடுகளுக்குக் காரீயச் சாயம் விற்பது 1978இல்தான் தடைசெய்யப்பட்டது.

பிழைத்த பின் நேர்ந்தது

நோயுற்ற குழந்தை இறவாமற் பிழைத்தால் முற்றும் நலமடைந்தது என்றே மருத்துவர்கள் கருதிவந்தனர். பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராண்டால்ப் பையர்ஸ், உளநூல் வல்லாரான எலிசபெத் லார்ட் அம்மையாருடன் இக்கருத்தைச் சோதித்தார். காரீய நோயிலிருந்து மீண்டவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட இருபது பிள்ளைகள் பின்னர்ப் பள்ளியில் எவ்வாறு இருக்கிறார்கள் என்று தேடிச்சென்று பார்த்தனர். 1943இல் வந்த முடிவு இது: இருபதின்மரில் பத்தொன்பதின்மர் படிப்பில் தேறவில்லை. அவர்கள் ஆசிரியர்களுக்கு அதன் காரணம் தெரிந்திருக்குமா?

பல்லும் பதிவேடும்

நிற்க. நோயே காணாத பிள்ளைகளின் நிலை என்ன? இவ்வினாவை எழுப்பியவர் ஹெர்பர்ட் நீடில்மேன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர். இரத்தத்தைச் சோதித்தால் அண்மையில் உட்சென்ற காரீயமே பெரும்பாலும் தெரியும். ஆனால் உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்தென மயங்கி எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவைக்கிறது. ஆகவே, விழுந்த பாற்பல்லே பழைய கணக்கைச் சொல்லும் என்று அவர் கண்டார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சாமர்வில் என்னும் இரண்டு ஊர்களில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பற்களைத் திரட்டினார்.

இங்கேதான் நம் இனத்தாராகிய ஆசிரியர்கள் வருகின்றனர். எந்தப் பல்லில் எவ்வளவு காரீயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் பதினொரு கேள்விகள் கொண்ட தாள் தரப்பட்டது. கவனம் சிதறுகிறதா? எடுத்ததை முடிக்கிறானா? பகற்கனவு காண்கிறானா? எளிய கட்டளைகளைப் பின்பற்றுகிறானா? இவை போன்றவை அக்கேள்விகள். 2,146 பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் விடையளித்தனர். பல்லில் காரீயம் ஏற ஏற, ஆசிரியர் குறைகூறிய பிள்ளைகளின் விகிதமும் படிப்படியாக ஏறியது. காரீயம் மிகுந்த 58 பிள்ளைகளையும் குறைந்த 100 பிள்ளைகளையும் ஒப்பிட்டதில், அறிவுச் சோதனையிலும் முன்னவர் நான்கு புள்ளியளவு பின்தங்கினர். அவர்களுள் எவரையும் நோயாளி என்று யாரும் எண்ணியதில்லை. 1979இல் இவ்வாய்வு வெளிவந்தது. பின்னாளில் அதன் நேர்மையைக் குறைகூறிக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் நீடில்மேன் மோசடிக் குற்றமற்றவர் எனத் தீர்ந்தது.

சாயத்தைப்போலவே பெட்ரோலும் பிள்ளைகளுக்குப் பகையாயிற்று. 1923இல் அமெரிக்காவில் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. வண்டிப் புகைவழி அது தெருவெல்லாம் படிந்தது. சிங்கப்பூர் 1998இல் அதனை விலக்கியது. கடைசியாக அல்ஜீரியா 2021இல் விலக்கியது. உலகம் முழுவதும் அது ஒழிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நம் கடமை

இதனால் தீங்கு தீர்ந்தது என்று கருதலாகாது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாக ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் 2020இல் அறிவித்தது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. உட்சென்ற காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறுவர் உடல் ஏற்கும். வெறும் வயிறும், இரும்புச் சத்துக் குறைவும் அதனை மேலும் மிகுவிக்கும். வறிய வீட்டுப் பிள்ளைக்கே இரட்டைத் தீங்கு என்பது இதனால் விளங்கும்.

என் பழைய மாணவன் ஒருவனை இங்கு நினைக்கிறேன். அவன் தந்தையார் ஆற்றில் வலைவீசும் பழக்கமுடையவர். பழைய பேட்டரிகளை உடைத்து, வீட்டு அடுப்பிலேயே உருக்கி வலைக்குண்டு வார்ப்பார். பையன் அருகிலிருந்து விசிறுவான். அவன் முன்னேற்றப் பதிவேட்டில் 'கவனம் இல்லை, முயற்சி போதாது' என்று நான் மூன்றாண்டுகள் எழுதினேன். காரீயமே காரணம் என்று நான் வாதிடவில்லை; பின்தங்கும் பிள்ளைகள் எல்லாரும் நஞ்சுண்டவர்களும் அல்லர். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை என்பதே என் குறை.

ஆசிரிய அன்பர்கள் தத்தம் பள்ளியின் பழைய சன்னல்களையும் மேசைகளையும் ஒருமுறை நோக்குவார்களாக. சாயம் உரிந்து பொடியும் இடத்தை உலர் துடைப்பத்தால் பெருக்காது ஈரத்துணியால் துடைக்கச் செய்க. அதனைச் சுரண்டவும் எரிக்கவும் விடாதீர். உண்ணுமுன் பிள்ளைகள் கை கழுவுவதைக் கண்ணாற் காண்க. பேட்டரி உருக்கும் பெற்றோர் இருப்பின் நயமாக எடுத்துரைக்க. ஐயத்துக்குரிய பிள்ளையை இரத்தச் சோதனைக்கு அனுப்புக. இவற்றுக்குப் பிறகு, பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதலாம்.